பழைய டிவி அப்பப்போ மட்டும் மக்கர் பண்ணுதா? பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

எங்க பெரியம்மா வீடு நாகப்பட்டினத்துல, கடற்கரைல இருந்து நடந்து போற தூரம்தான். அங்க ஒரு 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி இருக்கு, சுவத்து ஷெல்ஃபுக்குள்ள வச்சு மேல ஒரு எம்ப்ராய்டரி துணி போட்டு, இருபது வருஷத்துக்கு மேல பத்திரமா வச்சிருக்காங்க. போட்டா படம் நல்லா வரும், ஒரு முக்கால் மணி நேரம் ஆனதும் படம் மட்டும் பட்டுன்னு போயிடும், சவுண்டு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். ஆஃப் பண்ணி அரை மணி நேரம் விட்டுட்டுப் போட்டா மறுபடி வரும். மெக்கானிக் கடைக்கு மூணு தடவை தூக்கிட்டுப் போனோம், அங்க போனா நாள் பூரா நல்லா ஓடும், வீட்டுக்கு வந்தா ரெண்டாவது நாளே பழைய கதை. இதுல ரெண்டு தடவை லைன் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் (படத்துக்கு வேணுங்கிற ஹைவோல்டேஜை உண்டாக்குற பகுதியோட முக்கியமான பார்ட்) போயிடுச்சுன்னு மாத்தி அதுக்குக் காசும் கொடுத்தாச்சு. "ஏம்பா, கடைல மட்டும் எப்படிப்பா ஓடுது?"ன்னு பெரியம்மா கேட்டாங்க. சரியான கேள்வி அது, பதிலும் அதுக்குள்ளயேதான் இருந்துச்சு. கடைல பேக் கவரைக் கழட்டி டேபிள் மேல வச்சு, தலைக்கு மேல ஃபேன் ஓட ஓட டெஸ்ட் பண்ணியிருக்காங்க. போர்டு சூடே ஏறல, அதனால ஃபால்ட்டும் வரல.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். விட்டு விட்டு வர்ற ஃபால்ட்டை, அது வந்து நிக்கிற நேரத்துலதான் பிடிக்க முடியும். நல்லா ஓடிட்டு இருக்கிறப்போ எந்த பார்ட்டை மாத்தினாலும் அது குருட்டாம்போக்குதான், மாத்தினதுனால சரியாச்சா இல்ல போர்டை அசைச்சதுல தற்காலிகமா ஒட்டிக்கிச்சான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஃபால்ட் எதனால வருதுன்னு முதல்ல பாருங்க, சூடா, அசைவா, ஈரமா, வோல்டேஜா, பெரும்பாலும் இந்த நாலுல ஒண்ணாத்தான் இருக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஷாக் பத்தி சொல்லிடறேன், தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க. கலர் பிக்சர் டியூப்போட ஆனோடுல, அதாவது ரப்பர் தொப்பி மாட்டியிருக்கிற ஹைவோல்டேஜ் முனைல, 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல இருக்கும், டியூபே ஒரு பெரிய கண்டன்சர் மாதிரி, பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது அந்த சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கும். பவர் சப்ளைல இருக்கிற பெரிய கண்டன்சர்ல 230 வோல்ட் ஏசி, டிசியா மாறி கிட்டத்தட்ட 325 வோல்ட்டா நிக்கும், உயிரை எடுக்கிறதுக்கு இது ஒண்ணே போதும். கரண்ட் வேலை செஞ்சு பழக்கம் இல்லாதவங்க கவரைக் கழட்டாம செய்யற பகுதியை மட்டும் செய்யுங்க, அதுலயே பாதி விஷயம் தெரிஞ்சுடும், அதை எழுதி மெக்கானிக் கைல கொடுத்தா அவருக்கு ரெண்டு நாள் வேலை மிச்சம். பழக்கம் இருக்கிறவங்களும் தனியா வீட்ல இருக்கிறப்போ திறக்காதீங்க, கால்ல ரப்பர் செருப்பு, தரை காய்ஞ்சிருக்கணும், லைவ்ல அளக்கிறப்போ ஒரு கையைப் பின்னாடி கட்டிக்குங்க, குழந்தைங்களை அந்த ரூம் பக்கமே விடாதீங்க.

முதல் வேலை ஒரு நோட்டு எடுங்க. நிஜமாவே ஒரு நாப்பது பக்க நோட்டு, டிவி பக்கத்துலயே பேனாவோட கட்டித் தொங்க விடுங்க. ஃபால்ட் வர்ற ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்குப் போட்டீங்க, எத்தனை மணிக்குப் போச்சு, மழையா வெயிலா, படம் போச்சா சவுண்டு போச்சா ரெண்டும் போச்சா, தட்டினா வந்துச்சா, தானா வந்துச்சா, அந்த நேரத்துல மோட்டார் ஓடுச்சா மிக்ஸி ஓடுச்சா, எல்லாத்தையும் எழுதுங்க. ஒரு வாரத்துல ஒரு ஒழுங்கு தெரியும். போட்ட நேரத்துல இருந்து கணக்குப் பண்ணினா எப்பவும் 40, 45 நிமிஷம்னு வந்தா அது சூடு. காலைல முதல் தடவை போடுறப்போ மட்டும் படுத்தி, பத்து நிமிஷத்துல சரியாயிட்டா பெரும்பாலும் காய்ஞ்சு போன கண்டன்சர் இல்லேன்னா ஈரம். லாரி போனா, கதவை அறைஞ்சா, சேனல் மாத்த பட்டனை அழுத்தினா வருதுன்னா லூஸ் கான்டாக்ட். சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் மட்டும்னா வோல்டேஜை சந்தேகப்படுங்க.

அடுத்தது டிவிக்கு வெளியில இருக்கிற ஆளுங்க. இப்ப எல்லா வீட்லயும் செட்டாப் பாக்ஸ்ல இருந்துதான் படம் வருது, மஞ்சள் வெள்ளை சிவப்பு பின் மூணும் வருஷக் கணக்கா குத்தியே இருக்கும், அதுவும் கடலோர ஊர்ல அந்தப் பின் மேல பச்சையா பூத்துப் போயிருக்கும். பின்னைக் கழட்டி துணியால துடைச்சு, லேசா சுத்திச் சுத்திக் குத்துங்க. செட்டாப் பாக்ஸோட அடாப்டர் சூடானா வோல்டேஜ் இறங்கிப் போய் பாக்ஸ் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகும், பாக்கிறவங்க டிவிதான் போச்சுன்னு நினைப்பாங்க. ஃபால்ட் வந்ததும் பழைய டிவிடி பிளேயர் எதையாவது இன்னொரு வீடியோ இன்புட்ல போட்டுப் பாருங்க, அதுல படம் வந்தா உங்க டிவி மேல தப்பு இல்ல. பிளக் பாயின்ட்டையும் பாருங்க, லூசான சாக்கெட்ல இருந்து கிர்ர்ருன்னு சின்னதா சத்தம் வரும், பிளக் பின் ஒண்ணு மட்டும் கருகியிருக்கும். ஸ்டெபிலைசர் இருந்தா அது டக் டக்குன்னு ரிலே மாத்துற நேரமும் டிவி போற நேரமும் ஒண்ணா இருக்கான்னு கவனிங்க.

ரிமோட்டைத் தொடவே இல்ல, ஆனா வால்யூம் தானா ஏறுது, சேனல் தானா ஓடுது, மெனு தானா வருதுன்னு சொல்றவங்க ரொம்பப் பேர். பேய் ஓட்டுற மாதிரி இருக்கும், ஆனா காரணம் முன்னாடி இருக்கிற சின்ன பட்டன் ஸ்விட்சுங்கதான், உள்ள ஈரம் இறங்கி அழுத்தாமலே அரைகுறையா கான்டாக்ட் ஆகும். திறந்த பிறகு, பிளக்கைப் பிடுங்கிட்டு, அந்த பட்டன் போர்டுக்குப் போற ஒயர் கனெக்டரைக் கழட்டிட்டு ரெண்டு நாள் ரிமோட்ல மட்டும் ஓட்டிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா அந்த ஸ்விட்ச் அஞ்சாறையும் மொத்தமா மாத்திடுங்க, ஒண்ணு மட்டும் மாத்தாதீங்க, மத்ததும் அதே வயசுதான். ரிமோட் மேலயே சந்தேகம்னா மொபைல் கேமராவை ஆன் பண்ணி ரிமோட்டோட முனையைக் காட்டி பட்டனை அழுத்துங்க, பெரும்பாலான கேமராவுல பல்ப் வெளுத்த ஊதாவா மின்னும், யாரும் அழுத்தாதப்பவே மின்னினா ரிமோட்டுக்குள்ள ரப்பர் ஒட்டியிருக்கு.

இப்ப வர்றதுதான் ரொம்ப முக்கியமான பகுதி, கவரைக் கழட்டவே வேணாம். ஃபால்ட் வந்த அந்த நிமிஷம் ஆஃப் பண்ணிடாதீங்க, ஒரு பத்து செகண்ட் மூணு விஷயம் பாருங்க. ரூம் லைட்டை அணைச்சுட்டு பேக் கவர் ஓட்டை வழியா டியூபோட கழுத்துப் பக்கம் பாருங்க, உள்ள ஆரஞ்சு கலர்ல சின்னதா ஒரு தணல் தெரியுதா? அது ஹீட்டர். கலர் டிவில கிட்டத்தட்ட எல்லாத்துலயும் அந்த ஹீட்டருக்குக் கரண்ட் வர்றது லைன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்துதான், கடைல ஈஹெச்டின்னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்களே அதுல இருந்து. அதனால தணல் இருந்தா லைன் ஸ்டேஜ், அதாவது படக் கோடுகளை ஓட்டி ஹைவோல்டேஜையும் உண்டாக்குற பகுதி, ஓடுது, தணல் அணைஞ்சு போச்சுன்னா பெரும்பாலும் லைன் ஸ்டேஜே நின்னு போச்சு. ரெண்டாவது, புறங்கையை ஸ்கிரீன் கிட்ட கொண்டு போங்க, ரோமம் சிலிர்க்குதா, படம் போன நிமிஷம் படபடன்னு ஸ்டேட்டிக் சத்தம் கேட்டுச்சா, அது ஹைவோல்டேஜ் இறங்கினதுக்கு அடையாளம். மூணாவது காது. நம்ம ஊர் டிவில ஒரு செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 625 கோடு, பெருக்கினா 15,625, அந்த வேகத்துலதான் லைன் ட்ரான்ஸ்ஃபார்மர் அதிரும், ஈ...ன்னு ரொம்ப மெலிசா ஒரு விசில் வரும். வயசானவங்களுக்கு அது கேக்காது, சின்னப் பிள்ளைங்களுக்கு நல்லாக் கேக்கும். பெரியம்மா வீட்ல அன்னிக்கு என் பொண்ணுதான் சொன்னா, "அப்பா, படம் போறப்பவே அந்த ஈன்ற சத்தமும் நின்னு போச்சுப்பா"ன்னு. சவுண்டு இருக்கு, தணல் இல்ல, விசில் இல்ல. சவுண்டு வர்றதால பவர் சப்ளை உயிரோட இருக்கு, லைன் ஸ்டேஜ் மட்டும் நிக்குதுன்னு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடியே புரிஞ்சு போச்சு. எல்லா செட்லயும் இப்படி இருக்காது, சில செட்ல சவுண்டுக்கும் சப்ளை லைன் ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்தே வரும், அப்போ ரெண்டும் சேர்ந்து போகும், அதுக்குத்தான் தணலைப் பாக்கச் சொல்றேன்.

இனிமே திறக்கிறது. பிளக்கைப் பிடுங்கிட்டு கொஞ்ச நேரம் விடுங்க. கவரைக் கழட்டினதும் முதல்ல ஆனோடை டிஸ்சார்ஜ் பண்ணணும், டியூபோட முதுகுல கருப்பு பூச்சு மேல பின்னின ஒரு கம்பி ஓடும் பாருங்க, அதுல ஒரு ஒயரோட ஒரு முனையைக் கிளிப் பண்ணி, இன்னொரு முனையை நல்ல பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவரோட கம்பில கட்டி, ரப்பர் தொப்பிக்கு அடில நுழைச்சு உள்ள இருக்கிற கொக்கியைத் தொடுங்க, டப்புன்னு ஒரு சத்தம் வரலாம். அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை செய்யுங்க, டியூப்ல மிச்ச சார்ஜ் மறுபடி ஊறும். பெரிய கண்டன்சருக்கு 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட ஒயரோட பத்து செகண்ட் வச்சுட்டு மீட்டர்ல அளந்து பாருங்க, ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க. கழுத்துல எதுவும் இடிச்சுடக்கூடாது, டியூப்லயே மெலிசான இடம் அதுதான், அங்க விரிசல் விட்டா வேற வழியே கிடையாது.

தூசியை பெயின்ட் பிரஷ்ஷால நிதானமா தட்டுங்க. எறும்புக் கூடு, கரப்பான் எச்சம், செத்த பல்லி எல்லாமே ஈரம் பட்டா கரண்ட் கடத்தும், மழைக்காலத்துல மட்டும் வர்ற ஃபால்ட் பலதும் இந்த சுத்தத்துலயே போயிடும். கண்டன்சர் ஆடாம இருக்கக் கம்பெனில போட்ட பசை ஒண்ணு இருக்கும், புதுசுல வெளுத்த மஞ்சளா இருக்கிற அது வருஷக் கணக்கா சூடுபட்டு காப்பிப் பொடி கலர் ஆயிட்டா அதுவே கரண்ட் கடத்தும், பக்கத்து ரெசிஸ்டர் காலையும் அரிக்கும். அதைக் கண்டா மொத்தமா சுரண்டி எடுத்துடுங்க.

அப்புறம் போர்டைத் திருப்பிப் பிடிச்சு ஈயப் பக்கம். பழைய டிவில விட்டு விட்டு வர்ற ஃபால்ட்டுக்கு டிரை சால்டர்தான், அதாவது ஈயம் விரிஞ்சு பார்ட்டோட காலை விட்டுப் போறதுதான், பெரிய காரணம், அதுவும் எல்லா இடத்துலயும் வராது, கனமான பார்ட், சூடாகிற பார்ட், அடிக்கடி அசைக்கிற பார்ட், இந்த மூணோட காலுலதான் வரும். லைன் ட்ரான்ஸ்ஃபார்மர் காலுங்க, லைன் அவுட்புட் ட்ரான்சிஸ்டர், அதுக்கு முன்னாடி இருக்கிற குட்டி டிரைவர் ட்ரான்ஸ்ஃபார்மர், வெர்டிகல் ஐசி (படத்தை மேலயும் கீழயும் விரிக்கிறது), பவர் சப்ளை ட்ரான்ஸ்ஃபார்மரும் அதோட ஐசியும், 7805, 7812 மாதிரி ரெகுலேட்டர், யோக் (டியூப் கழுத்துல மாட்டியிருக்கிற காயில்) கனெக்டர், மெயின் ஸ்விட்ச், டிகாசிங் பாசிஸ்டர் (டியூப்ல ஏறின காந்தத்தை நீக்குற காயிலுக்குக் கரண்ட் விடுறது), டியூனரோட (கேபிள், ஆன்டெனா சிக்னலை வாங்குறது) தகர டப்பா கால், கழுத்துல மாட்டியிருக்கிற சின்ன போர்டோட சாக்கெட். ஒவ்வொரு ஈயப் புள்ளியையும் டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, நேர் வெளிச்சத்துல எதுவும் தெரியாது. லென்ஸ் இல்லேன்னா மொபைல் கேமராவைக் கிட்ட வச்சு போட்டோ எடுத்துப் பெருசாக்குங்க. நல்ல ஈயம் மலைச்சரிவு மாதிரி வழுவழுன்னு காலை அணைச்சு நிக்கும். கெட்டுப்போனது எப்படித் தெரியும்னா, காலைச் சுத்தி முடி கனத்துக்கு ஒரு கருப்பு வட்டம், காது குத்தின ஓட்டைல தோடு நிக்கிற மாதிரி, ஈயம் தனி, கால் தனி. பெரியம்மா டிவில டிரைவர் ட்ரான்ஸ்ஃபார்மரோட நாலு கால்ல ஒண்ணுல அந்த வட்டம் இருந்துச்சு, முக்கால்வாசி வட்டம்தான், மீதி கால்வாசில ஒட்டிட்டு இருந்துச்சு. சூடு ஏற ஏறக் கால் நகர்ந்து அந்தக் கால்வாசியும் விட்டுப் போகும், ஆறினா தொட்டுக்கும். அந்தக் கால் விட்டு விட்டுத் தொட்டா அவுட்புட் ட்ரான்சிஸ்டரோட பேஸுக்கு ஒழுங்கா டிரைவ் கிடைக்காது, ட்ரான்சிஸ்டர் சூடாகி ஷார்ட் ஆகும். ரெண்டு தடவை ட்ரான்சிஸ்டர் போனதுக்குக் காரணம் ட்ரான்சிஸ்டர் இல்ல. உங்க டிவிலயும் லைன் ட்ரான்சிஸ்டர் திரும்பத் திரும்பப் போகுதுன்னா அடுத்ததை வாங்குறதுக்கு முன்னாடி டிரைவர் ட்ரான்ஸ்ஃபார்மர் காலைப் பாருங்க.

கண்ணுக்கு எதுவும் சிக்கலேன்னா ஃபால்ட்டை வரவழைக்கணும், வர்ற வரைக்கும் காத்திருந்தா நாள்தான் போகும். இதுக்குச் சின்ன ஏற்பாடு, டிவிக்கு முன்னாடி ஒரு முகம் பாக்கிற கண்ணாடியை நாற்காலில சாய்ச்சு வைங்க, பின்னாடி நின்னுட்டே படத்தைப் பாக்கலாம், எட்டி எட்டிப் பாக்கிறப்பதான் கை தெரியாம எங்கயாவது படும். முதல்ல தட்டிப் பாக்கிறது. காய்ஞ்ச மூங்கில் குச்சி, இல்ல பிளாஸ்டிக் ஸ்வெட்டர் ஊசி, அதோட முனையால போர்டோட ஓரத்துல இருந்து லேசாத் தட்டுங்க. ஆரம்பத்துல எங்க தட்டினாலும் படம் போகும், ஏன்னா போர்டு முழுசும் அதிருது, அங்கதான் நிறையப் பேர் குழம்பிப் போய் கண்டதையும் சால்டர் பண்ணிடறாங்க. தட்டுற வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க, விரல் நகத்தால தட்டுற அளவுக்கு மெதுவாக்கினா கடைசியா ஒரே ஒரு இடம் மட்டும்தான் பதில் சொல்லும், அந்த இடம்தான்.

தட்டினதுக்கு மசியலேன்னா சூடு. ஹேர் டிரையர் முனைல சார்ட் பேப்பரைக் கூம்பு மாதிரி சுருட்டி டேப் ஒட்டுங்க, சூடு காத்து ரெண்டு இன்ச் இடத்துல மட்டும் படும், ஒவ்வொரு பகுதியா ஒரு நிமிஷம் காட்டுங்க. ஃபால்ட் வந்ததும் ஃப்ரீசர் ஸ்ப்ரே, எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல கிடைக்கும், சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல கேளுங்க, சந்தேகப்படுற பார்ட் மேல ஒரு சின்னப் பீச்சு. அதைக் குளிர வச்ச உடனே படம் வந்துட்டா, திரும்ப சூடு காட்டி போக வச்சு, திரும்பக் குளிர வச்சுப் பாருங்க, மூணு தடவையும் அதே மாதிரி நடந்தா நம்பலாம், ஒரு தடவை நடந்ததை நம்பாதீங்க. டியூபோட கண்ணாடி மேலயும் கழுத்து மேலயும் ஸ்ப்ரே படவே கூடாது, சூட்டுல இருக்கிற கண்ணாடி விரிஞ்சுடும். தீப்பிடிக்கிற ஸ்ப்ரே, பர்ஃப்யூம், ஸ்பிரிட் எதையும் டிவி ஓடுறப்போ அடிக்காதீங்க, உள்ள பொறி பறக்கும்.

மீட்டர் விஷயத்துல பலரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. ஃபால்ட் வந்த பிறகு மீட்டர் முள்ளைக் கொண்டு போய் வச்சீங்கன்னா, வச்ச அழுத்தத்துலயே கான்டாக்ட் கிடைச்சு படம் வந்துடும், நாள் பூரா காத்திருந்தது வீண். டிவியைப் போடுறதுக்கு முன்னாடியே மீட்டரைக் கிளிப் போட்டு மாட்டிட்டு, தள்ளி வச்சுட்டு, காத்திருங்க. முதல்ல மாட்ட வேண்டிய இடம் மெயின் பி பிளஸ், அதாவது லைன் ஸ்டேஜுக்குப் போற முக்கிய டிசி வோல்டேஜ், பவர் சப்ளையோட வெளிப்பக்கத்துல பெரும்பாலும் 160 வோல்ட்னு எழுதியிருக்கிற கண்டன்சர், அங்க செட்டைப் பொறுத்து சுமார் 95ல இருந்து 140க்குள்ள இருக்கும், பல போர்டுல அந்த அளவே அச்சடிச்சிருக்கும். நெகட்டிவை டியூனர் டப்பால மாட்டுங்க. பவர் சப்ளையோட மெயின் பக்கம் அளக்கிறதா இருந்தா மட்டும் அந்தப் பெரிய கண்டன்சரோட நெகட்டிவ், ரெண்டு கிரவுண்டும் வேற வேற, மாத்தி வச்சா தப்பான அளவு காட்டி உங்களைத் திசை திருப்பும். ரொம்பப் பழைய சில செட்ல போர்டு முழுசுமே மெயின்ஸோட சேர்ந்திருக்கும், அதுல டியூனர் டப்பாவைத் தொட்டாலே ஷாக்தான், அதனால எந்த செட்டா இருந்தாலும் தொடக்கூடாதுன்னே வச்சுக்குங்க. லைன் அவுட்புட் ட்ரான்சிஸ்டரோட கலெக்டர்ல சாதாரண மீட்டரை வைக்கவே வைக்காதீங்க, அங்க ஆயிரம் வோல்ட் அளவுக்குப் பல்ஸ் வரும், மீட்டர் போயிடும்.

ஃபால்ட் வந்த நேரத்துல பி பிளஸ் அப்படியே நின்னாலோ கொஞ்சம் ஏறினாலோ, தணலும் அணைஞ்சிருந்தா, பவர் சப்ளை நல்லா இருக்கு, சுமைதான் விட்டுப் போச்சு, டிரைவர் பக்கம் போங்க. பெரியம்மா செட்ல 112ல இருந்தது, படம் போனதும் 118க்கு ஏறி நின்னுச்சு. பி பிளஸ் சுத்தமா பூஜ்யம் ஆச்சுன்னா பவர் சப்ளை. ஏறி இறங்கி டிக் டிக்னு துடிச்சா எங்கயோ ஓவர்லோடு, இல்லேன்னா பவர் சப்ளைக்குள்ள இருக்கிற சின்ன கண்டன்சர் காய்ஞ்சிருக்கு.

மத்த அறிகுறியெல்லாம் வேகமா சொல்லிடறேன். நடுவுல படுக்கையா ஒரே ஒரு வெள்ளைக் கோடுன்னா வெர்டிகல் ஐசி, அதோட சப்ளை, இல்ல கால்ல டிரை சால்டர், முதல்ல பிரைட்னெஸைக் குறைங்க, இல்லேன்னா அந்தக் கோடு ஸ்கிரீன்ல நிரந்தரமா எரிஞ்சு பதிஞ்சுடும். கோடு நெட்டுக்குத்தா வந்தா யோக் கனெக்டர் பக்கம். மேல்பக்கம் மட்டும் படம் மடிஞ்சு வெள்ளைக் கோடு கோடா வந்தா வெர்டிகல் ஐசி பக்கத்துல இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை மாத்துங்க. ஆன் பண்ணினா ரொம்ப நேரம் கழிச்சுதான் எடுக்குது, நாளாக நாளாக இன்னும் லேட் ஆகுதுன்னா பவர் சப்ளைல ஹீட் சிங்க் பக்கத்துல ஒட்டி உக்காந்திருக்கிற சின்ன கண்டன்சர், இல்ல ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் மதிப்பு ஏறிப் போச்சு. டியூனர்ல பாக்கிறப்போ சேனல் மெதுவா நகர்ந்து போய் புள்ளி புள்ளியா ஆச்சுன்னா டியூனிங்குக்குப் போற 33 வோல்ட்டைப் பாருங்க, அதை நிலையா வைக்கிற ஜீனர் டையோடு சூட்டுல நகரும். உள்ள உஸ்ஸுன்னு சத்தம், கூடவே ஒரு மாதிரி கருகின வாசனை, அதுவும் ஐப்பசி கார்த்திகைலன்னா ஆனோட் தொப்பிக்கு அடில ஹைவோல்டேஜ் கசியுது, டிஸ்சார்ஜ் பண்ணிட்டு தொப்பியையும் கண்ணாடியையும் துடைச்சு, முழுசாக் காய விட்டு மாட்டுங்க, ஈஹெச்டி மேலயே ஓட்டை விழுந்து பொறி வந்தா ஒட்டுப் போடாதீங்க, மாத்துங்க.

ஒரு கலர் மட்டும் வந்து வந்து போனா கழுத்து போர்டோட சாக்கெட்டும் கலர் ட்ரான்சிஸ்டர் காலும் பாருங்க. ஆனா திடீர்னு ஸ்கிரீன் முழுசும் ஒரே சிவப்பாவோ பச்சையாவோ நீலமாவோ பளீர்னு ஆகி, குறுக்கால கோடும் தெரிஞ்சு, போர்டுல எல்லாம் சரியா இருந்தும் திரும்பத் திரும்ப வருதுன்னா பிக்சர் டியூபுக்குள்ளயே ஹீட்டர், அது சூடேத்துற கேத்தோடைத் தொட்டுக்குது. சில சமயம் ஹீட்டருக்குத் தனியா காயில் சுத்திக் கொடுத்து அனுபவசாலி மெக்கானிக் கொஞ்ச காலம் ஓட்டிக் கொடுப்பார், அது நீங்களா செய்யற வேலை இல்ல.

சால்டரிங்கை ஒழுங்கா செய்யுங்க. பழைய ஈயத்து மேல அயர்னை வச்சு உருக்கி விட்டா ஒரு மாசத்துக்கு ஓடும், அப்புறம் அதே விரிசல். பழைய ஈயத்தை மொத்தமா உறிஞ்சி எடுங்க, காலை பிளேடால சுரண்டிப் பளபளன்னு ஆக்குங்க, கடலோர வீடுன்னா கால் கருத்திருக்கும், சுரண்டாம ஈயம் பிடிக்காது, அப்புறம் புது 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்). சின்னப் பார்ட்டுக்கு 25 வாட் அயர்ன் போதும், ஈஹெச்டி காலுக்கும் டியூனர் டப்பாவுக்கும் 60 வாட் வேணும், சின்ன அயர்ன்ல செஞ்சா மேல உருண்டையா நிக்கும், உள்ள ஒட்டாது. கண்டன்சர் மாத்தினா 105 டிகிரின்னு போட்டதா வாங்குங்க, பிளஸ் மைனஸ் மாறினா வெடிக்கும். லைன் ட்ரான்சிஸ்டர் பக்கத்துல 1600, 2000 வோல்ட்னு எழுதின கண்டன்சர் இருக்கும், அதுல மதிப்பைத் துளிகூட மாத்தாதீங்க, குறைஞ்சா ஹைவோல்டேஜ் எகிறும். ஃபியூஸுக்குப் பதிலா கம்பி சுத்துறதும் அப்படித்தான், வேணவே வேணாம்.

பவர் சப்ளைலயோ லைன் ஸ்டேஜ்லயோ கை வச்சிருந்தா முதல் தடவை நேரா பிளக்ல போடாம, சீரீஸ் லாம்ப், அதாவது டிவிக்குப் போற ஒரு ஒயருக்கு நடுவுல மாட்டின பல்ப், வழியா போடுங்க, 14 இன்ச்சுக்கு 60 வாட் குண்டு பல்ப், 21க்கு 100. டிகாசிங் காயில் கனெக்டரைக் கழட்டிக்குங்க, இல்லேன்னா அதுவே பல்பை எரிய வைக்கும். பல்ப் ஒரு மின்னு மின்னிட்டு மங்கினா சரி, பளீர்னு நின்னா ஷார்ட் இருக்கு, உடனே எடுத்துடுங்க. டிஜிட்டல் செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் ஒரே பல்ப் போட்டுடாதீங்க, டிவி மட்டும்.

இந்த வேலையெல்லாம் ஒரு பழைய பெட்டிக்குத் தேவையான்னு கேக்கிறவங்க இருக்காங்க. 2006ல ஆரம்பிச்சு அரசாங்கம் வீடு வீடாக் கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவிய இன்னும் வச்சிருக்கிற வீடுங்க எனக்கே தெரியும், அவங்களுக்கு அதுதான் டிவி. ஒரு கால்ல போன ஈயத்துக்காக அதைக் காயலான் கடைக்குப் போடச் சொல்ல எனக்கு மனசு வராது. போர்டே கருகிப் போயிருந்தா, இல்ல டியூபே மங்கிப் போயிருந்தா அது வேற விஷயம்.

சரி பண்ணியாச்சுன்னு நினைச்ச பிறகு, எந்த இடத்துல எந்த நிலைமைல ஃபால்ட் வந்துச்சோ அதே இடத்துல வச்சு ஓட்டுங்க. பேக் கவரை மாட்டி எல்லா ஸ்க்ரூவும் போட்டு, அதே ஷெல்ஃபுல, முன்னாடி ஃபால்ட் வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சோ அதைப் போல அஞ்சு மடங்கு நேரம், பக்கத்துலயே ஆள் இருந்து. பெரியம்மா வீட்ல மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டோம், நோட்டை மடில வச்சுட்டு பெரியம்மா எதிர்லயே உக்காந்திருந்தாங்க, 2.45, 3.30னு ஒவ்வொண்ணா எழுதினாங்க, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் படம் நின்னுச்சு. மேல போட்டிருந்த துணியை மட்டும் எடுத்து மடிச்சு வச்சுட்டோம், காத்தோட்டத்துக்குன்னு பின்னாடி நாலு விரல் இடம் விட்டு டிவியை முன்னாடி நகர்த்தினோம். பேக் கவர் உள்பக்கத்துல மார்க்கர்ல தேதி போட்டு, டிரைவர் ட்ரான்ஸ்ஃபார்மர் கால் புது ஈயம்னு எழுதி வச்சிருக்கேன், அடுத்தது யார் திறந்தாலும் அவருக்குத் தெரியணும்.